யீஷூனுக்கு வந்த எராஸ்மஸ்: வாசகர் கேள்வி பதில்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தின் கடைசியில், சிங்கப்பூர் யீஷூனில் ஒரு வாசகி வீட்டில் இருக்கும் பழைய அச்சுப்படத்தைப் பார்க்கப் போகிறேன், அதைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள் எல்லாம் அதைப் பற்றியே. ஆகவே இம்முறை முழுப் பக்கமும் அந்தப் படத்துக்குத்தான்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் எழுத்தராக இருந்தவர். 1971இல் பிரிட்டிஷ்காரர்கள் புறப்பட்டுப் போனபோது, அப்பா வேலை பார்த்த பிரிவின் துரை, சட்டம் போட்ட ஒரு படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். தொப்பி வைத்த ஒரு பெரியவர், நீள மூக்கு, ரோமம் வைத்த அங்கி. கீழே எராஸ்மஸ் என்றும் வான் டைக் என்றும் லத்தீன் எழுத்தில் இருக்கிறது. ஐம்பது வருடமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அப்பா போன பிறகு என் தம்பி, “இது நானூறு வருடத்துப் படம், விற்றால் நல்ல காசு வரும்” என்கிறான். அசலா நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகி, யீஷூன்

பதில்: அம்மா, கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்து இதற்குப் பதில் சொல்லக்கூடாது என்றுதான் உங்களை நேரில் வரச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களும் தம்பியும் அதைப் பழைய பாத்தேக் கைலியில் சுற்றி எடுத்துக்கொண்டு தோ பாயோவுக்கு வந்தீர்கள். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றிப் பார்த்தோம். அன்று உங்களிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நீங்கள் அறிந்த முடிவு மற்றவர்களுக்குக் கடைசியில் தெரியட்டும்.

படத்தில் இருப்பவர் எராஸ்மஸ். ரோட்டர்டாமில் பிறந்து, 1536இல் பாசல் நகரத்தில் இறந்தவர். ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வந்து, பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை எல்லோரும் தேடித் தேடிப் படித்த காலத்தின் மிகப் பெரிய எழுத்தாளர். அவரைச் செம்புத் தகட்டில் வரைந்தவர் ஆன்டனி வான் டைக். 1599இல் ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர், 1632 முதல் லண்டனில் முதலாம் சார்ல்ஸ் மன்னரின் ஓவியர். அவர் 1630களில், பெயர்பெற்ற மனிதர்களின் முகங்களை ஒரு தொகுதியாக அச்சிட ஏற்பாடு செய்தார். அதை ‘ஐக்கனோகிராஃபி’ என்பார்கள். பிரபுக்கள், தளபதிகள், அறிஞர்கள், ஓவியர்கள் என்று வரிசையாக வரும். பெரும்பாலான தகடுகளை அதற்கென்றே இருந்த செதுக்குத் தொழிலாளர்களிடம் கொடுத்துவிட்டார். சுமார் பதினைந்து முகங்களை மட்டும் தாமே ஊசி பிடித்து வரைந்தார். எராஸ்மஸ் அவற்றில் ஒன்று.

இந்த முறைக்குப் பெயர் எட்சிங். சொல்லைவிடச் செய்முறையைச் சொன்னால் விளங்கிவிடும். செம்புத் தகட்டை மெருகேற்றிச் சூடாக்கி, தேன்மெழுகு, குங்கிலியம், தார் கலந்த மெல்லிய பூச்சைப் பூசுவார்கள். மெழுகுதிரிப் புகையில் காட்டி அதைக் கறுப்பாக்குவார்கள். அதன் மேல் ஊசியால் வரைந்தால், ஊசி போன வழியெல்லாம் மெழுகு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். ஊசி செம்பைத் தோண்டுவதே இல்லை. தோண்டுகிற வேலை திராவகத்துடையது. தகட்டைத் திராவகத்தில் அமிழ்த்தினால், மெழுகு இருக்கும் இடத்தை அது தொடாது, திறந்த கோட்டை மட்டும் அரிக்கும். கோடு மெல்லியதாக வேண்டுமானால் சீக்கிரம் வெளியே எடுத்து, அந்த இடத்தை வார்னிஷ் பூசி மூடிவிட்டு, கருமையாக வேண்டிய இடத்தை மறுபடி உள்ளே விட வேண்டும்.

உளியால் செதுக்குவது வேறு வேலை. பாத்திரக் கடையில் குடத்தில் பெயர் வெட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துச் செப்பேடும் அப்படித்தான், உலோகத்தோடு மல்லுக்கட்டி வெட்டியது. அந்தக் கோட்டில் கை படும் பாடு தெரியும். எட்சிங்கில் ஊசிக்கு எதிர்ப்பே கிடையாது. வாசலில் கோலம் இழுக்கிற கைபோல இஷ்டத்துக்குப் போகும். வான் டைக் போன்ற ஓவியர்கள் இதை விரும்பியதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். தாளில் வரைகிற அதே கை, அதே வேகம், நடுவில் இன்னொரு தொழிலாளி இல்லை.

அப்புறம் மை. இங்கே நம் ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளுங்கள். எழுத்தாணியால் கீறியவுடன் ஓலையில் எழுத்து சரியாகத் தெரியாது. கரியைக் குழைத்துத் தடவித் துடைத்தால் மேல்பரப்பு சுத்தமாகி, கீறலுக்குள் மட்டும் மை தங்கும். செம்புத் தகட்டிலும் அதே கணக்குதான். மையைத் தேய்த்து, துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் ஒற்றித் துடைப்பார்கள். ஈரமான தாளை மேலே வைத்து, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். தேக்கா சந்தையில் கரும்புச் சாறு பிழிகிற இயந்திரத்தில் கரும்பு உள்ளே போகிற மாதிரி. அந்த அழுத்தத்தில் தாள் கோட்டுக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். படம் இடவலம் மாறித்தான் வரும்.

வான் டைக் தம் கையால் வரைந்த தகடுகளின் முதல் அச்சுகளைப் பார்த்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும். முகத்தை மட்டும் சின்னச் சின்னப் புள்ளிகளாலும் குறுங்கோடுகளாலும் முழுசாகச் செய்வார். உடம்புக்கு நாலைந்து கோடு. பின்னணி வெறும் வெள்ளைத் தாள். அவர் தம் சொந்த முகத்தையும் அப்படித்தான் வரைந்தார். பெரிய தகட்டில் ஒரு தலை மட்டும், திரும்பிப் பார்க்கிற பார்வையோடு. 1641இல், 42 வயதில் அவர் இறந்துவிட்டார். 1645இல் கில்லிஸ் ஹென்ட்ரிக்ஸ் என்ற ஆன்ட்வெர்ப் பதிப்பாளர் நூறு படங்களாகத் தொகுதியை வெளியிட்டபோது, அந்தத் தலைக்குக் கீழே யாக்கோப் நீஃப்ஸ் என்ற செதுக்கரைக் கொண்டு ஒரு பீடத்தை வெட்டி, சிலைபோல ஆக்கி, நூலின் முகப்பாக வைத்தார். நேர்த்தியான வேலைதான். ஆனாலும் அந்த வெற்றிடத்தை நிரப்பியதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

சரி, அசலா நகலா? இந்தக் கேள்விக்கு இரண்டு விடை இல்லை, பல விடை இருக்கிறது. ஓவியர் இருந்தபோது சில தாள்கள் மட்டும் அடித்துப் பார்த்தது ஒன்று. பதிப்பாளர் பெயர் வெட்டி விற்றது இன்னொன்று. செம்பு மென்மையான உலோகம். சில நூறு தாள் அடித்ததும் மெல்லிய கோடுகள் தேயத் தொடங்கும். தேய்ந்த தகட்டில் பின்னாளில் அடித்ததும் அதே தகட்டின் படம்தான். ‘ஐக்கனோகிராஃபி’ தகடுகள் பல இன்னும் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தின் தகட்டுத் தொகுப்பில் இருக்கின்றன. கடைசியாக, அந்தத் தகட்டையே தொடாமல், அச்சான தாளைப் பார்த்து வேறு வழியில் செய்த மறுபடிகள்.

அன்று நான் என்ன வரிசையில் பார்த்தேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினேன். படத்தைச் சுற்றி, தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இருந்தது. உருளையில் தகட்டோடு போன தாளுக்கு அது இருக்கும். சாதாரண ஆப்செட் தாளுக்கு இருக்காது. இருந்தால் யாரோ வேண்டுமென்று அழுத்தியது. அடுத்து பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி. நாளிதழ் படத்தில் தெரிகிற மாதிரி ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். உங்கள் படத்தில் புள்ளி வரிசை இல்லை, உண்மையான கோடுகள். தொப்பியின் கருமையான இடத்தில் மை தாளுக்கு மேலே மெல்லியதாக மேடு கட்டியிருந்தது. தம்பி முகம் அப்போது மலர்ந்தது.

அப்புறம் கீழே இருந்த எழுத்து. பழைய அச்சுப்படங்களில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு லத்தீன் சொல் இருக்கும். பிங்சிட் என்றால் ‘தீட்டினார்’, ஸ்கல்ப்சிட் என்றால் ‘செதுக்கினார்’, எக்ஸ்கூடிட் என்றால் ‘வெளியிட்டார்’, ஃபேகிட் என்றால் ‘செய்தார்’. அக்வா ஃபோர்ட்டி என்று சேர்ந்திருந்தால் ‘திராவகத்தால்’ என்று பொருள். நேராகச் சொன்னால் ‘வலிய நீர்’. இந்தச் சொற்களை நம்பி மட்டும் முடிவு செய்ய முடியாது, மறுபடி செய்கிறவர் அவற்றையும் சேர்த்துத்தான் செய்வார்.

ஆகவே தாளைத் திருப்பினேன். பின்பக்கம், மூலையில், சிவப்பு மையில் ஒரு சின்ன வட்ட முத்திரை. உள்ளே ஏ, டி என்ற இரண்டு எழுத்து.

அந்த முத்திரை சார்ல்ஸ் அமான்-டுராண்டுடையது. பாரிஸ்காரர். 1870களில் ட்யூரர், ரெம்பிரான்ட், வான் டைக் ஆகிய பழைய ஓவியர்களின் அச்சுப்படங்களை ஹீலியோகிராவ்யூர் என்ற முறையில் மறுபடி செய்து வெளியிட்டவர். ஏமாற்றுவதற்காகச் செய்தவர் அல்லர். பார்க்கிறவர் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் பின்னால் முத்திரை குத்தினார். நல்ல அச்சைப் புகைப்படம் எடுத்து, வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சைச் செம்பில் பூசி, படத்தை அதில் இறக்கி, திராவகத்தில் அரித்து, கையால் திருத்தி, பழைய மாதிரியே உருளையில் அடித்தார். அதனால்தான் தகட்டுத் தடமும் உண்டு, மை மேடும் உண்டு. ஆக, உங்கள் வீட்டுப் படம் பதினேழாம் நூற்றாண்டுத் தாள் அல்ல. நூற்றைம்பது வயதுத் தாள்.

தம்பி வாடிப்போனார். நான் வாடவில்லை, ஏன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

1968இல், பதினாறு வயதில், ஒரு பிளாக் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சிலிகி ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடி. தவுக்கே, அதாவது முதலாளி, சீனர், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கும்பகோணத்துக்காரர், அவரை அண்ணன் என்றே கூப்பிடுவேன். அந்தக் காலத்தில் பத்திரிகையில் ஒரு படம் வர வேண்டுமானால் ஜிங்க் பிளாக் வேண்டும். துத்தநாகத் தகட்டில் வெளிச்சத்துக்கு இறுகும் பூச்சு, நெகட்டிவ், விளக்கு, பிறகு நைட்ரிக் ஆசிட் தட்டு. தட்டை ஆட்டிக்கொண்டே, கோடுகளில் ஒட்டும் குமிழிகளை இறகால் தள்ள வேண்டும். கோட்டின் பக்கவாட்டை ஆசிட் தின்னாமல் இருக்க டிராகன்ஸ் பிளட் என்ற சிவப்புப் பொடியை நாலு திசையிலும் தூரிகையால் ஒதுக்கிச் சூடாக்குவோம். சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளரும் பிரம்பின் பழத்திலிருந்து வருகிற பிசின் அது, மலாயில் ஜெர்னாங். லண்டன் கடைகளுக்கும் நம் வட்டாரத்திலிருந்துதான் போனது.

பிளாக்குக்கும் எட்சிங்குக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பிளாக்கில் வெள்ளையாக வேண்டிய இடத்தை ஆசிட் தின்னும், கறுப்பு மேடாக நிற்கும். எட்சிங்கில் கறுப்பாக வேண்டிய கோட்டைத்தான் தின்னும். மற்றபடி தாய்பிள்ளை உறவு. அமான்-டுராண்டின் முறைதான் நடுவில் நிற்கும் பாட்டி.

சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு நினைவஞ்சலி விளம்பரத்துக்கு ஒரு அம்மாவின் படம் வந்தது. ஹாஃப்டோன் பிளாக், அதாவது சின்னச் சின்னப் புள்ளிகளால் நிழல் காட்டுகிற பிளாக். நான் தட்டை விட்டுக் கொஞ்ச நேரம் நகர்ந்துவிட்டேன். திரும்பி வந்து அச்சு எடுத்துப் பார்த்தால் கன்னமும் நெற்றியும் வெள்ளையாகப் போய்விட்டன. ஆசிட் சின்னப் புள்ளிகளைத் தின்றுவிட்டது. கண்ணும் பொட்டும் மட்டும் நிற்கின்றன. அந்த அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே படம்தான் என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து புதுப் பிளாக் செய்தார். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, எந்த நொடியில் தகட்டை வெளியே எடுக்கிறார் என்று பார்க்க வைத்தார். அன்றிலிருந்து, திராவகத்தில் செய்த எந்த முகத்தைப் பார்த்தாலும், இதை எவ்வளவு நேரம் உள்ளே விட்டார், எப்போது எடுத்தார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றும். எராஸ்மஸின் கண் இமைக்குக் கீழே உள்ள அந்த மெல்லிய புள்ளிகள் ஒரு நிமிடம் கூடினால் கரிக்கோடாக ஆகியிருக்கும். வான் டைக்கும் தட்டின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். 240 வருடம் கழித்து அமான்-டுராண்டும் நின்றிருக்க வேண்டும்.

ஆகவே அம்மா, காசு கேட்டால், ஐரோப்பிய ஏலக்கடைக்குப் போகிற அளவுக்கு இது பெரிய பொருள் இல்லை. விற்க வேண்டாம் என்பது என் யோசனை. அந்தத் துரை குப்பையில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். உங்கள் அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதை ஐம்பது வருடம் சுவரில் வைத்திருந்தார்.

கேள்வி: எராஸ்மஸ் இறந்தது 1536. வான் டைக் பிறந்தது 1599. பார்க்காத ஒருவரின் முகத்தை எப்படி வரைந்தார்? நம் திருவள்ளுவர் படம் போல இதுவும் கற்பனையா?
– உயர்நிலைப் பள்ளி மாணவர், தெம்பனிஸ்

பதில்: நல்ல கேள்வி தம்பி. திருவள்ளுவருக்கு நேரில் பார்த்து வரைந்த படம் ஒன்றும் கிடையாது. இன்று நாம் பார்ப்பது கே. ஆர். வேணுகோபால் சர்மா குறளிலிருந்தே ஒரு உருவத்தை யோசித்து யோசித்துத் தீட்டியது. 1960இல் இந்தியத் தபால்தலையில் வந்தது. எராஸ்மஸ் விஷயம் அப்படி இல்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே மூன்று பெரிய ஓவியர்கள் அவரை எதிரில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

1517இல் ஆன்ட்வெர்ப்பில் குவென்டின் மாசைஸ் தீட்டினார். அந்தப் படத்தை எராஸ்மஸ் இங்கிலாந்தில் இருந்த தம் நண்பர் தாமஸ் மோருக்கு அனுப்பினார். 1520இல் ட்யூரர் கரிக்கோலால் வரைந்துகொண்டு போய், ஆறு வருடம் கழித்து 1526இல் செம்பில் வெட்டினார். அதில் கிரேக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: இவருடைய நூல்களே இவரை இன்னும் நன்றாகக் காட்டும் என்று. எராஸ்மஸுக்கு அந்தப் படம் திருப்தி இல்லை, முகம் தம்மைப் போல இல்லை என்று நினைத்தார். ஆறு வருட இடைவெளி சும்மா விடுமா?

மூன்றாமவர் ஹான்ஸ் ஹோல்பைன். பாசலில் எராஸ்மஸ் இருந்த ஊரிலேயே இருந்தவர். 1523இல் அவர் தீட்டிய படங்களில்தான் நாம் அறிந்த எராஸ்மஸ் இருக்கிறார்: கறுப்புத் தொப்பி, கூர்மையான மூக்கு, பாதி மூடிய கண், இறுக்கி மூடிய மெல்லிய உதடு. 1526இல் பாசலில் வேலை இல்லாமல் ஹோல்பைன் இங்கிலாந்துக்குக் கிளம்பியபோது, எராஸ்மஸ் ஆன்ட்வெர்ப் நண்பருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்தார். இங்கே கலைகள் குளிரில் விறைத்துக் கிடக்கின்றன என்று அதில் எழுதினார். வேலை தேடிப் போகிறவன் கையில் நாலு வரி எழுதிக் கொடுத்து அனுப்புகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

வான் டைக் பார்த்து வரைந்தது ஹோல்பைன் தீட்டிய முகத்தைத்தான். ஆக இது கற்பனை அல்ல, கைமாறி வந்த முகம். ஹோல்பைன் பார்த்தார், வான் டைக் ஹோல்பைனைப் பார்த்தார், அமான்-டுராண்ட் வான் டைக்கைப் பார்த்தார், யீஷூன் அம்மா வீட்டில் தொங்குகிறது. ஹோல்பைனின் எராஸ்மஸ் படங்களில் ஒன்று முதலாம் சார்ல்ஸிடம் இருந்தது. அதையும் டிஷியன் ஓவியம் ஒன்றையும் பிரெஞ்சு அரசருக்குக் கொடுத்துவிட்டு, லியொனார்டோ டா வின்சியின் ‘யோவான்’ ஓவியத்தை மாற்றாக வாங்கிக்கொண்டார். இன்று அந்த எராஸ்மஸும் அந்த யோவானும் இரண்டுமே லூவரில்தான் இருக்கின்றன.

கேள்வி: எராஸ்மஸ் அவ்வளவு பெரிய எழுத்தாளர் என்கிறீர்கள். அவர் எழுதியது நமக்கு ஏதாவது பயன்படுமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, புக்கிட் பாஞ்சாங்

பதில்: டீச்சர், உங்களுக்கு இது மிகவும் பிடிக்கும். மூன்றுறை அரையனாரின் ‘பழமொழி நானூறு’ நீங்கள் பாடம் நடத்திய நூல். ஒவ்வொரு வெண்பாவுக்குள்ளும் ஒரு பழமொழி. எராஸ்மஸ் வாழ்நாள் முழுதும் செய்த வேலையும் அதே ஜாதி. கிரேக்க, லத்தீன் நூல்களிலிருந்து பழமொழிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, யார் எப்படிச் சொன்னார்கள் என்று விளக்கம் எழுதினார். ‘அடாஜியா’ என்று பெயர். 1500இல் பாரிஸில் முதல் பதிப்பு வந்தபோது எண்ணூற்றுச் சொச்சம் பழமொழி. சாகும்வரை சேர்த்துக்கொண்டே போனார், 4,000க்கு மேல் போய்விட்டது.

சிலவற்றைப் பாருங்கள். குருடர் நாட்டில் ஒற்றைக்கண்ணன் ராஜா என்று ஒன்று. நாம் ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிறோம். ஆதென்ஸ் நகரத்துக்கு ஆந்தை கொண்டுபோவது என்று இன்னொன்று. ஆந்தை அந்த ஊர்த் தெய்வத்தின் பறவை, காசில்கூட ஆந்தைதான். நமக்குக் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. போரை அனுபவிக்காதவனுக்குத்தான் போர் இனிக்கும் என்று ஒன்று உண்டு. அதற்கு மட்டும் ஒரு சின்ன நூல் அளவுக்கு விளக்கம் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து மன்னர்கள் ஓயாமல் சண்டை போட்டதைப் பார்த்து நொந்து எழுதியது. பண்டோராவின் பெட்டி என்று உலகம் முழுதும் சொல்கிறார்களே, கிரேக்கக் கதையில் அது பெட்டியே இல்லை, பெரிய தாழி. லத்தீனில் எழுதும்போது எராஸ்மஸ் அதைப் பெட்டி ஆக்கிவிட்டார், அப்படியே நின்றுவிட்டது.

இன்னொரு வேலை, பைபிளின் புதிய ஏற்பாட்டைக் கிரேக்க மூலத்தில் அச்சிட்டது. 1516, பாசல், ஃப்ரோபன் அச்சகம். கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டுப் பார்த்துச் செய்தார். உ.வே.சா. ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைக் கொண்டுவந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். எராஸ்மஸ் அவசரப்பட்டார், பிழைகள் விழுந்தன. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி வசனங்கள் அவர் கையில் இருந்த கிரேக்கப் படியில் இல்லாததால் லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டார். அதை நான் மெச்ச மாட்டேன். உ.வே.சா. அப்படிச் செய்திருக்க மாட்டார்.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது வேறு. 1508இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் என்பவரின் அச்சகத்தில் எட்டு மாதம்போல உட்கார்ந்து ‘அடாஜியா’வைப் பெரிதாக்கினார். ஒரு மூலையில் அவர் எழுத எழுத, இன்னொரு பக்கம் தொழிலாளிகள் எழுத்துக் கோத்துக்கொண்டே போனார்கள். ஒரு பக்கம் இயந்திரச் சத்தம், இன்னொரு பக்கம் மை வாசனை, காதைச் சொறிய நேரமில்லை என்று சொல்லும்படியான வேகம். எங்கள் பிளாக் கடைக்குக் கீழ்த்தளத்தில் ஒரு தமிழ் அச்சகம் இருந்தது. தீபாவளி மலர் நேரத்தில் எழுத்தாளர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பாராவை எழுதிக் கொடுப்பார்கள். அச்சுக்கோப்பவர் மை காயுமுன் தாளை வாங்கிக்கொண்டு போவார். அந்த பெஞ்சை நினைத்தால் எனக்கு எராஸ்மஸ் அந்நியராகத் தோன்றுவதில்லை.

கேள்வி: என்னிடமும் தாத்தா காலத்து அச்சுப்படங்கள் இரண்டு உண்டு. வீவக அடுக்குமாடி வீட்டின் ஈரப்பதத்தில் பழுப்புப் புள்ளி விழுகிறது. துடைக்கலாமா? லேமினேட் செய்துவிடலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: துடைக்க வேண்டாம். லேமினேட் வேண்டவே வேண்டாம், அதைத் திரும்ப எடுக்க முடியாது. வெயிலில் காயவைக்கவும் கூடாது. பழைய சட்டங்களின் பின்னட்டை மட்டமான அட்டை. அதிலுள்ள அமிலம் தாளைப் பழுப்பாக்கும். யீஷூன் அம்மாவின் படத்திலும் பின்னட்டையின் நிறம் தாளில் ஏறியிருந்தது. அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவில் வெட்டிய அட்டை ஒன்று இருக்க வேண்டும். செலோடேப் ஒட்டாதீர்கள். குளியலறைச் சுவரிலும் சமையலறைச் சுவரிலும் மாட்டாதீர்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று போக நாலு மூலையிலும் சின்ன தக்கைத் துண்டு ஒட்டினால் போதும். ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பின்னால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: உருளையில் தாள் அடிப்பதைச் சிங்கப்பூரில் நேரில் பார்க்க முடியுமா?
– வாசகி, செங்காங்

பதில்: ராபர்ட்சன் கீயில், ஆற்றோரம், பழைய கிடங்கு ஒன்றில் எஸ்டிபிஐ என்ற அச்சுக் கலைப் பட்டறை இருக்கிறது. அமெரிக்க அச்சுக் கலைஞர் கென்னத் டைலரோடு சேர்ந்து 2002இல் தொடங்கினார்கள். பெரிய பெரிய அச்சு இயந்திரங்கள், காகிதம் செய்கிற இடம், காட்சிக்கூடம் எல்லாம் ஒரே கட்டடத்தில். பட்டறைக்குள் விடுகிற நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். யீஷூன் அம்மாவும் அவருடைய தம்பியும் அடுத்த சனிக்கிழமை என்னோடு வருகிறார்கள். தாளைத் தகட்டிலிருந்து ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரிக்கிற அந்த நேரத்தைத் தம்பி பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.